ஆனையிறவுக்கு வடக்கும் தெற்கும்: இரண்டு எதிர்வரிசைகள்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் தவிசாளர் இருக்கிறார், உப தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், செயலாளரும் இருக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும் முதல்வர், பிரதி முதல்வர், ஆணையாளர் என்று வரிசை போகிறது. அங்கும் அவருக்கு இடமில்லை. ஆனாலும் வடக்கில் எந்தச் சபையின் அமர்வை எடுத்துக்கொண்டாலும், ஒருவரை எல்லோரும் அந்தப் பதவியில் இருப்பவராகவே நடத்துகிறார்கள். வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டதும் முதலில் எழுபவர் அவர். வெளிநடப்பென்றால் முன்னே நடப்பவர் அவர். பத்திரிகைக்காரர்கள் சபை முடிந்ததும் தேடிப் போவதும் அவரைத்தான். சட்டம் தராத பதவியைச் சனங்கள் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பதவி வடக்கில் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறது. ஆனையிறவைக் கடந்து வடக்கே போனால் யாழ்ப்பாண மாநகர சபை: அங்கே 2018 முதல் எதிர்வரிசையில் இருப்பவர்களின் தொகை ஆளும் தரப்பைவிட எப்போதும் கூட. தெற்கே இறங்கினால் கிளிநொச்சி: அங்கே ஒரே அரசியல் அணி தேர்தலுக்குத் தேர்தல் சபையைத் தன் கையில் வைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் வாக்களிக்கும் முறை ஒன்றுதான். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். போட்டியிடும் கட்சிகளும் பெரும்பாலும் அவையேதான். விளைவு மட்டும் வேறு. யாழ்ப்பாணத்து எதிர்வரிசைக்கு முதல்வரை வீழ்த்தும் பலம் இருந்தது. கிளிநொச்சியின் எதிர்வரிசைக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு பலம் இல்லை. இந்த இரண்டில் எது ஊருக்கு உதவியது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஆனையிறவை நடுவில் நிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தெற்கே பரந்தன் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. வடக்கே இயக்கச்சி பச்சிலைப்பள்ளிப் பிரதேச சபைக்குரியது. இடையில் கடல்நீரேரி, உப்பளம், ஏ9 வீதி, புகையிரதப் பாதை. ஏ9, வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது. தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துடையது. உப்பளம் மத்திய அரசின் நிறுவனத்துடையது. இத்தனைக்கும் பிறகு பிரதேச சபைக்கு எஞ்சுவது உள்வீதிகள், மதகுகள், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், கழிவகற்றல். இவை சின்ன விடயங்கள் என்று நினைப்பவர் மாரி காலத்தில் ஒரு கிறவல் ஒழுங்கை வழியாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். வன்னியில் ஒரு மதகு எந்த வட்டாரத்தில் போடப்படுகிறது என்பதுதான் அரசியல். அந்த முடிவை யார் எடுக்கிறார், யார் அதைக் கேட்கலாம் என்பதில்தான் எதிர்க்கட்சித் தலைவரின் வேலை தொடங்குகிறது.

முதலில் யாழ்ப்பாணம்.

2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலில் 45 ஆசனங்கள் கொண்ட யாழ் மாநகர சபையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 16 ஆசனங்களைப் பெற்றது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10. மிகுதி ஆறும் ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சி, தமிழர் விடுதலைக் கூட்டணி என்று பிரிந்தன. தமிழரசுக் கட்சியின் இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். அதாவது 16 பேரின் தலைவர் 29 பேருக்கு முன்னால் நகரத்தை நடத்தவேண்டும். பழைய விகிதாசார முறையில் முதலிடம் பெற்ற கட்சிக்கு இரண்டு ஆசனங்கள் மேலதிகமாகக் கிடைத்தன. அது ஆட்சிக்கு ஓர் ஊன்றுகோலாக இருந்தது. புதிய முறை அந்த ஊன்றுகோலை எடுத்துவிட்டது. எந்தக் கட்சிக்கும் பாதி ஆசனம் கிடைக்காத சபைகளில் முதலாவது கூட்டத்திலேயே உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தெரியவேண்டும். அந்த வாக்கெடுப்பில் உடன் நின்றவர் மறுநாள் எதிரே இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

2020 டிசெம்பரில் ஆர்னோல்ட் கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்கடிக்கப்பட்டது. இரண்டாவது தோல்வியோடு அவருடைய பதவியும் போனது. டிசெம்பர் 30இல் நடந்த தெரிவில் விசுவலிங்கம் மணிவண்ணன் ஒரு வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். அவர் தமிழ்க் காங்கிரஸிலிருந்து வந்தவர். அந்த வேளையில் கட்சித் தலைமையோடு முரண்பட்டு நின்றவர். ஈ.பி.டி.பி.யின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அதே மாதத்தில் பக்கத்து நல்லூர்ப் பிரதேச சபையிலும் தமிழரசுக் கட்சித் தவிசாளர் அதே வழியில் பதவியிழக்க, மணிவண்ணன் அணியைச் சேர்ந்தவர் தவிசாளரானார். இரண்டு வருடம் கழித்து, 2022 டிசெம்பரில், மணிவண்ணனின் வரவு செலவுத் திட்டமும் தோற்றது. இரண்டாவது வாக்கெடுப்புக்குப் போகாமல் அவர் பதவி விலகினார். 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் மீண்டும் முதல்வரானார். அவர் கொண்டுவந்த திட்டமும் தோற்றது. மார்ச் 19இல் சபையின் காலமே முடிந்தது.

இந்த வரலாற்றை எதிர்வரிசையின் வெற்றி என்று சொல்வோர் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அது உண்மைதான். யாழ் நகரத்தில் எந்த முதல்வரும் சபையைத் தன் வீட்டு வளவுபோல நடத்த முடியவில்லை. வரவு செலவுத் திட்டத்தை உறுப்பினர்கள் கையெழுத்துக்காக அன்றி வாசிப்பதற்காக வாங்கினார்கள். வட்டாரத்துக்கு எவ்வளவு, நகர அலங்காரத்துக்கு எவ்வளவு, வாகனத்துக்கு எவ்வளவு என்ற வாதங்கள் வெளியே வந்தன. ஒவ்வொரு டிசெம்பரும் முதல்வருக்குப் பரீட்சையாக இருந்தது. மக்களாட்சியில் அதிகாரத்திலிருப்பவருக்கு அப்படியொரு பயம் இருப்பது நல்லது.

மறுபக்கத்தைப் பார்த்தால் மனம் நோகிறது. அந்த ஐந்து வருடத்தில் எதிர்வரிசை என்று ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்மையில் இருக்கவில்லை. மூன்று, நான்கு மாற்று ஆட்சிகள் காத்திருந்தன. காங்கிரஸ் ஒன்று, அதற்குள் மணிவண்ணன் அணி இன்னொன்று, ஈ.பி.டி.பி. வேறொன்று. ஒவ்வொன்றும் தன் தலைவரை அடுத்த முதல்வராகவே பார்த்தது. முதல்வராகப் போகிறவர் கணக்கைக் கேட்கும் விதம் வேறு, கணக்கை மட்டும் கேட்க இருப்பவர் கேட்கும் விதம் வேறு. முன்னவருக்கு விடை தேவையில்லை, எண்ணிக்கை போதும். 23 கைகள் உயருமா என்பதே அவருடைய கேள்வி. திட்டத்தில் எந்த ஒதுக்கீடு பிழை, எதை மாற்றினால் ஆதரிப்போம் என்று எழுத்தில் கொடுத்து வாதாடுவதைவிட, இரண்டாவது வாக்கெடுப்பில் யார் யார் வரமாட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பது இலகு. நகரத்தின் வடிகால் அந்தக் கணக்கில் இல்லை.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடித்தால் தலைவரையே இறக்கலாம் என்று சட்டம் எதிர்வரிசையின் கையில் ஒரு பெரிய ஆயுதத்தைக் கொடுத்தது. சின்ன ஆயுதம் எதையும் கொடுக்கவில்லை. ஒரு ஒதுக்கீட்டை விசாரணைக்கு உட்படுத்தும் உரிமை, ஒரு கேள்விக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் பெறும் உரிமை, ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் உரிமை, இவை எதுவும் எதிர்க்கட்சித் தலைவருக்கென்று உறுதி செய்யப்படவில்லை. கையில் கோடரி மட்டும் இருப்பவன் கிளையைச் சீவ நினைத்தாலும் மரத்தைத்தான் வெட்டுவான்.

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்க் காங்கிரஸுக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10. ஜூன் மாதம் மதிவதனி விவேகானந்தராஜா முதல்வராகத் தெரிவானார். ஈ.பி.டி.பி.யின் ஆதரவு இந்த முறை தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது. பல தசாப்தங்களாக ஒருவரையொருவர் கடுமையாகச் சாடிய இரண்டு கட்சிகள் அவை. அந்த ஆதரவைச் சரி, பிழை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 2020இல் ஒரு முதல்வரை இறக்க உதவிய கட்சி 2025இல் அவருடைய கட்சியின் முதல்வரைத் தாங்குகிறது என்றால், யாழ்ப்பாணத்தில் எதிர்வரிசை என்பது கொள்கையின் இடமாக இல்லை, தற்காலிகமான இருக்கையாகவே இருக்கிறது என்று சொல்லவேண்டியிருக்கிறது.

இனித் தெற்கே வருவோம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் மூன்று பிரதேச சபைகள்: கரைச்சி, பூநகரி, ஆனையிறவுக்கு வடக்கே இருந்தாலும் இந்த மாவட்டத்தைச் சேர்ந்த பச்சிலைப்பள்ளி. போர் முடிந்து இரண்டு வருடத்தில், 2011 ஜூலை 23இல் நடந்த தேர்தலில் மூன்றையும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. சனங்கள் தகரக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் இருந்த காலம் அது. மகிந்த ராஜபக்ஷவின் அரசாங்கம் நேரடியாக இறங்கிப் பிரசாரம் செய்தும் வாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. 2018இல் கரைச்சியில் கூட்டமைப்பின் பிரதான கட்சியான தமிழரசுக் கட்சியே ஆட்சி அமைத்தது. அருணாசலம் வேழமாலிகிதன் தவிசாளரானார், சபையின் காலம் முடியும்வரை இருந்தார். 2025இலும் மூன்று சபைகளிலும் தமிழரசுக் கட்சி முதலிடம் பெற்று ஆட்சியைப் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் முதல்வர் மாறி மாறி வந்த அதே ஐந்து வருடத்தில் கரைச்சியில் ஒரே தவிசாளர்.

அப்படியிருக்கையில் கரைச்சியின் எதிர்வரிசை என்ன செய்ய முடியும்? 2018இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் முருகேசு சந்திரகுமார் வழிநடத்திய சுயேச்சைக் குழு அங்கே வலுவாக வந்தது. தலையைத் திருப்பிப் பார்க்கவைக்கும் எதிர்வரிசை அது. வட்டாரங்களில் வேரிருந்த ஆட்கள். குடியேற்றத் திட்டக் கிராமங்களின் காணிப் பிரச்சினையையும் மலையக வம்சாவளிச் சனங்களின் புறக்கணிப்பையும் பேசிய அரசியல். தவிசாளரை மாற்றும் நிலை வராதபோதும், கிளிநொச்சி நகரத்துக்கு வெளியேயும் ஒரு கரைச்சி இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது. என் பார்வையில் அதுதான் உள்ளூராட்சியில் எதிர்க்கட்சித் தலைமையின் முதல் பணி. ஆளும் கட்சி தனக்கு வாக்களித்த வட்டாரத்தைப் பார்க்கும். மற்ற வட்டாரத்தைப் பார்க்கச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆனையிறவிலேயே ஒரு உதாரணம் உண்டு. கரைச்சிப் பிரதேச சபை 2023இல், தன் காலம் முடியும் தறுவாயில், ஆனையிறவில் ஒரு பெரிய நடராஜர் சிலையை நிறுவியது. ஏ9இல் போகிறவர் யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. போரின் அடையாளங்களும் வெற்றித் தூபிகளும் நிறைந்த அந்த வெளியில் நம்முடைய பண்பாட்டின் ஓர் அடையாளம் நிற்கவேண்டும் என்ற உணர்வு எனக்கும் விளங்குகிறது. சிலையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு பிரதேச சபை இத்தகைய முடிவொன்றை எடுக்கும்போது காணி யாருடையது, செலவு எங்கிருந்து வருகிறது, பராமரிப்பு யார் பொறுப்பு, அதே வருடம் எந்த வீதி பின்தள்ளப்பட்டது, சைவர் அல்லாத வரியிறுப்பாளரின் கருத்து என்ன என்ற ஐந்து கேள்விகளும் சபையில் எழுப்பப்பட்டு, பதிலோடு கூட்ட அறிக்கையில் ஏறவேண்டும். சிலையை நேசிப்பவர்தான் இந்தக் கேள்விகளை இன்னும் அதிகமாக விரும்பவேண்டும். பதில் பதிவாகியிருந்தால் நாளைக்கு ஒரு திணைக்களம் வந்து கேட்கும்போது சபை தலைநிமிர்ந்து நிற்கலாம். கேட்பது எதிர்ப்பது ஆகாது. வன்னியில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தால் "துரோகி" என்ற சொல் இலகுவாக வருகிறது. கொள்கைப் போராட்டத்தின் சொற்களைத் தெருவிளக்குப் பேச்சுக்குள் கொண்டுவருவது எங்கள் சபைகளைப் பிடித்த பெரிய நோய்.

கேட்பதற்கே இடம் குறைவு என்பது இன்னொரு துன்பம். பிரதேச சபையில் தவிசாளர்தான் நிறைவேற்றுத் தலைவர். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் அவரே. பாராளுமன்றத்தில் பிரதமரிடம் கேட்கும் கேள்விக்குச் சபாநாயகர் அனுமதி கொடுக்கிறார். பிரதேச சபையில் தவிசாளரிடம் கேட்கும் கேள்விக்குத் தவிசாளரே அனுமதி கொடுக்கவேண்டும். அவர் நல்லவராக இருந்தால் கேள்வி வரும். அவருக்கு நேரமில்லை என்றால் "அடுத்த அமர்வில் பார்ப்போம்." எதிர்வரிசைக்குப் பெரும்பான்மை உள்ள யாழ்ப்பாணத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை, எண்ணிக்கையைக் காட்டி நேரத்தை வாங்கிக்கொள்வார்கள். கிளிநொச்சியில் அது வாயை மூடிவிடுகிறது.

இதோடு வடக்கு மாகாண சபையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலக்கமாகும். 2013 செப்ரெம்பரில் தெரிவான அந்தச் சபையில் 38 ஆசனங்கள், 30 கூட்டமைப்புக்கு. கிளிநொச்சியைப் போலவே ஒரு தரப்பு ஓங்கிய சபை. ஆனால் அங்கே முதலமைச்சர் வேறு, அவைத் தலைவர் வேறு. சி. வி. விக்னேஸ்வரன் பதில் சொல்லவேண்டியவர், சி. வீ. கே. சிவஞானம் அவையை நடத்தியவர். எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவிக்கு அங்கீகாரமும் இருந்தது. ஈ.பி.டி.பி.யைச் சேர்ந்த சி. தவராசா அந்தப் பதவியிலிருந்து மாகாண சபையின் நிதியையும் நிர்வாகத்தையும் பற்றிச் சளைக்காமல் கேட்டார். அவருடைய கட்சியின் அரசியலோடு உடன்படாதவர்கள்கூட அவருடைய கேள்விகளில் பலவற்றைத் தள்ளிவிட முடியவில்லை. கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்களோடு ஒருவர் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. பதவியும் நேரமும் ஆவணமும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

அதே மாகாண சபை வேறொன்றையும் காட்டியது. 2017 ஜூனில் முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொண்டுபோனவர்களில் பெரும்பாலானோர் அவருடைய சொந்தக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். 30 பேர் ஒரு பக்கம் இருந்தால், எதிர்ப்பு உள்ளேயிருந்து முளைக்கும். கிளிநொச்சியின் ஆளும் தரப்புக்கும் இது பொருந்தும். எதிரே சத்தம் இல்லாத சபையில் பக்கத்தில் முணுமுணுப்பு கூடும்.

வன்னி எதிர்வரிசைக்கு யாழ்ப்பாணத்தில் அவ்வளவாகக் கிளம்பாத ஒரு சோதனையும் உண்டு. 2011இல் கிளிநொச்சிச் சபைகளின் எதிர்வரிசையில் அமர்ந்தது கொழும்பில் ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு. 2025இல் அமர்ந்திருப்பவர்களில் தேசிய மக்கள் சக்தி உண்டு. அது நாட்டின் ஆளும் கட்சி. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்ற கட்சி. சபையில் எதிர்க்கட்சியாக இருப்பவர் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஆளும் கட்சியாக இருக்கிறார். சபையில் கேட்டு வாங்குவதைவிட அமைச்சரிடம் கேட்டு வாங்குவது அவருக்கு இலகு. வீதி வந்தால் சனங்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். வீதி வரட்டும். ஆனால் அந்த வீதி சபையைச் சுற்றிக்கொண்டு வந்தால், அடுத்த முறை சபை எதற்கு என்ற கேள்வி வரும். அதிகாரப் பகிர்வுக்காக இவ்வளவு விலை கொடுத்த மண்ணில் கடைசிப் படியில் இருக்கும் சபையை நாங்களே மெலியவிடலாமா?

உப்பளம் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டியது. 2025 மார்ச் இறுதியில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலையைக் கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்நெத்தி திறந்துவைத்தார். உப்புக்கு "ரஜ லுணு" என்று பெயர் வைக்கப்பட்டது. ஆனையிறவு என்ற பெயர் எங்கே என்று வடக்கில் பலரும் கேட்டார்கள். மே மாதத்தில் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லிப் போராட்டத்தில் இறங்கினார்கள். உப்பளம் பிரதேச சபையின் கையில் இல்லை. ஆனால் உப்பளத்தில் வேலை செய்பவர் அந்தச் சபையின் வாக்காளர். இத்தகைய நேரத்தில் கரைச்சிச் சபையில் ஒரு பிரேரணை வந்தால் தேசிய மக்கள் சக்தியின் உறுப்பினர் எந்தப் பக்கம் நிற்பார்? தன் ஊர்த் தொழிலாளியின் பக்கமா, தன் கட்சி அமைச்சரின் பக்கமா? 2011இல் கொழும்பில் ஆண்ட கட்சியின் உறுப்பினர்களுக்கு முன்னால் காணி விடயத்தில் இருந்த கேள்வியும் இதுதான். அன்று பெரும்பாலும் மௌனமே பதிலாக வந்தது. இன்று வேறு பதில் வரவேண்டும். உள்ளூரில் எதிர்க்கட்சியாக இருப்பவர் கொழும்பில் தன் கட்சி ஆளுகிறது என்பதை ஊருக்காகப் பயன்படுத்தலாம். ஊரை விட்டுக்கொடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

ஆளும் தரப்புக்கும் இதே இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கொழும்பை எதிர்ப்பதே தன் வேலை என்று தவிசாளர் நினைத்துவிட்டால், சபைக்குள் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் கொழும்பின் சதியாகத் தெரியத் தொடங்கும்.

சிலவேளை எதிர்வரிசையே சபைக்கு வெளியே உருவாகிவிடுகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் கிளிநொச்சியின் விவசாயிகள். குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவனுக்கே தண்ணீர் போதாது என்பது அவர்கள் வாதம். அதில் கட்சிக்கோடு இருக்கவில்லை. ஆனையிறவே கோடாக இருந்தது. ஒரே கட்சியின் யாழ்ப்பாணத்துக்காரரும் கிளிநொச்சிக்காரரும் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் குடாநாட்டுக்குத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. விவசாயிகளின் எதிர்ப்பு ஒரு மாற்றுத் திட்டத்துக்கு வழிவிட்டது. எதிர்வரிசைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை: அவர்கள் யாரையும் பதவியிறக்கவில்லை, யாருடைய பதவிக்கும் ஆசைப்படவில்லை, தங்கள் கணக்கைத் தெளிவாக வைத்தார்கள்.

எதிர்வரிசையே இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. மார்ச் 9இல் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அந்த நிறுத்தம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 ஜூன்வரை, இரண்டு வருடத்துக்கு மேலாக, யாழ்ப்பாணத்தில் ஆணையாளரும் கிளிநொச்சியில் செயலாளர்களும் சபைகளை நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. அதிகாரிகள் நல்லபடி நடத்தினார்கள் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் ஒரு தாய் தன் ஒழுங்கை மதகைப் பற்றி யாரிடம் முறையிடுவது? பதில் வராவிட்டால் அதை யார் எழுந்து மறுபடி கேட்பது? அந்த இரண்டு வருடத்தில் வடக்கும் தெற்கும் ஒன்றாகிவிட்டன. இரண்டிலும் கேட்பார் இல்லை.

இங்கிலாந்தின் உள்ளூராட்சியை ஒரு கணம் பார்ப்பது பயன்தரும். அங்கே 1989ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் குழுக்களில் ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பலத்துக்கேற்ற இடம் தரவேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற்றுத் தரப்பைச் சேராத உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுக்களைக் கொண்டுவந்தது. எடுக்கப்பட்டு இன்னும் நடைமுறைக்கு வராத ஒரு முடிவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பச் சொல்ல அந்தக் குழுவால் முடியும். பெரும்பான்மைக் கட்சி ஆளும் சபைகளில் விசேட பொறுப்புக் கொடுப்பனவு வழங்கப்பட்டால், எதிர்தரப்பில் குறைந்தது ஒருவருக்காவது அது கொடுக்கப்படவேண்டும். லண்டன் சபைகளில் எங்கள் ஆட்கள் உறுப்பினர்களாக இருந்து இந்த நடைமுறைகளைக் கண்டிருக்கிறார்கள். கோடரி இல்லை, ஆனால் கத்தரிக்கோல், அரிவாள், மண்வெட்டி எல்லாம் எதிர்வரிசைக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் சட்டத்தில் எல்லாம் வெறுமை என்றும் சொல்ல முடியாது. பிரதேச சபை நான்கு குழுக்களை அமைக்கவேண்டும்: நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சூழலும் வசதிகளும். உறுப்பினரல்லாத ஊரவர்களையும் அவற்றில் சேர்க்க இடமுண்டு. நல்ல எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இந்தக் குழுக்களையே தன் களமாக்கியிருக்கலாம். பல இடங்களில் குழுக்கள் பெயருக்கு இருக்க, விவாதம் முழுவதும் மாதாந்த அமர்வில், கமராக்களுக்கு முன்னால் நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு வழி. 2017 பெப்ரவரியிலிருந்து எந்தப் பிரஜையும் சபையிடம் கேள்விப்பத்திர ஆவணத்தையும் செலவு விபரத்தையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். தவிசாளர் மறுத்த கேள்வியை எதிர்க்கட்சி உறுப்பினர் இந்த வழியில் எழுத்தில் கேட்டால் அதை ஒத்திவைக்க முடியாது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை ஒவ்வொரு சபைக்கும் வருகிறது. அதைப் பக்கம் பக்கமாக வாசித்து, எந்த ஐயத்துக்கு என்ன பதில் கொடுக்கப்பட்டது என்று அமர்வில் கேட்கும் ஒருவரை எத்தனை சபைகள் கண்டிருக்கின்றன?

இரண்டையும் நிறுத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. யாழ்ப்பாணத்து எதிர்வரிசைக்குப் பலம் இருந்தும் அது எதிர்வரிசையாக இருக்க விரும்பவில்லை. கிளிநொச்சி எதிர்வரிசைக்கு அந்த வேலையைச் செய்யும் வாய்ப்பு உண்டு, உரிமை இல்லை. எதைத் திருத்துவது இலகு என்றால் இரண்டாவதை. ஆசையைச் சட்டத்தால் திருத்த முடியாது. உரிமையைக் கொடுக்கலாம். அதிலும் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது பெரிய அணியின் தலைவரை எதிர்க்கட்சித் தலைவராகக் கூட்ட அறிக்கையில் பதிவது, ஒவ்வொரு அமர்விலும் அவருக்கு நேரம் ஒதுக்குவது, கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுப்பது, குறைந்தது ஒரு குழுவின் தலைமையை எதிர்தரப்புக்கு விடுவது, வரவு செலவுத் திட்ட வரைவை வாக்கெடுப்புக்குப் பல வாரங்கள் முன்னரே எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுப்பது, இவையெல்லாம் ஒரு தவிசாளரும் அவருடைய கட்சியும் மனம் வைத்தால் அடுத்த அமர்விலேயே தொடங்கக்கூடியவை. ஆட்சி ஆட்டம் காணாத கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி சபைகளுக்குத்தான் இதைச் செய்ய மிகவும் வசதி. அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. கொழும்பிடம் நாங்கள் கேட்பது சிறுபான்மைக்கு உரிய இடம். எங்கள் சொந்தச் சபையில் சிறுபான்மையாக அமர்ந்திருக்கும் அணிக்கு அந்த இடத்தை முதலில் கொடுத்துக் காட்டுவோம்.

இன்றைய சபைகள் 2025 ஜூன் 2இல் பணி தொடங்கியவை. அவற்றின் காலம் நான்கு வருடம். பரந்தனிலும் இயக்கச்சியிலும் உள்ள வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வட்டார உறுப்பினர் ஆளும் தரப்போ எதிர்தரப்போ, கடந்த அமர்வில் அவர் கேட்ட கேள்வி என்ன, அதற்கு வந்த பதில் என்ன என்று அவரைக் காணும்போது கேளுங்கள்.